சேர்ந்து படிக்க, ஓரத்தில் எழுத: வகுப்பறைக்கான இணையக் குறிப்புக் கருவிகள் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரே பாடத்தை மாணவர்கள் எல்லோரும் இணையத்தில் திறந்து, வரிக்குப் பக்கத்திலேயே கேள்வியும் விளக்கமும் மறுப்பும் எழுதிப் படிக்கும் முறையைக் கல்லூரித் தமிழ் வகுப்பில் சில ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். இதைக் கேள்விப்பட்டு விசாரிக்கும் ஆசிரியர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன். கல்லூரி ஆசிரியர்களையும் மேல்நிலைப் பள்ளி ஆசிரியர்களையும் மனத்தில் வைத்து எழுதியது. தமிழ்ப் பாடம் நடத்துபவன் என்பதால் எடுத்துக்காட்டுகள் தமிழிலிருந்தே வருகின்றன. வரலாறோ இயற்பியலோ நடத்துபவர்களுக்கும் முறை ஒன்றுதான்.

கூட்டுக் குறிப்பு என்றால் என்ன? வாட்ஸ்அப் குழுவில் பேசிக்கொள்வதிலிருந்து இது எப்படி வேறுபடுகிறது?

புத்தகத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதுவோமே, அதுதான். ஓரம் மட்டும் எல்லோருக்கும் பொது. மாணவர் ஒரு சொல்லையோ வரியையோ தேர்ந்தெடுத்து அதன்மேல் எழுதுகிறார். அதே பக்கத்தைத் திறக்கும் மற்றவர்களுக்கு அந்த இடம் மஞ்சளாகத் தெரியும். தொட்டால் குறிப்பு விரியும். அதற்குக் கீழேயே பதில் எழுதலாம்.

வாட்ஸ்அப் குழுவில் "மூன்றாம் பத்தியில் வருகிறதே, அதற்கு என்ன பொருள் ஐயா?" என்று ஒருவர் கேட்பார். எந்த மூன்றாம் பத்தி என்று இன்னொருவர் கேட்பார். அதற்குள் தேர்வு அறிவிப்பு ஒன்று வந்து பேச்சு திசைமாறிவிடும். இரண்டு வாரம் கழித்து அந்தக் கேள்வியைத் தேடி எடுக்க முடியாது. குறிப்புக் கருவியில் கேள்வி எந்தச் சொல்லில் பிறந்ததோ அந்தச் சொல்லிலேயே தங்கிவிடுகிறது. அடுத்து அந்த வரிக்கு வருபவர் கேள்வியையும் விடையையும் சேர்த்தே பார்க்கிறார்.

இது புதிய கண்டுபிடிப்பா?

கணினியில்கூடப் பழையதுதான். 1993-இல் வந்த மொசைக் உலாவியிலேயே, ஒரு பக்கத்தின்மேல் குழுவாகக் குறிப்பு எழுதும் வசதியைச் சோதித்துப் பார்த்தார்கள், அது நிலைக்கவில்லை. கூகுள் 2009-இல் சைட்விக்கி என்ற பெயரில் ஒன்றைக் கொண்டுவந்து 2011-இல் மூடிவிட்டது. பாடல் வரிகளுக்கு வாசகர்களே விளக்கம் எழுதும் ஜீனியஸ் தளமும் 2009-இல் பிறந்ததுதான்; அது இன்றும் இருக்கிறது. வகுப்பறைக்கென்றே செய்யப்பட்ட கருவிகள் இவற்றுக்குப் பின்னால் வலுப்பெற்றன.

தமிழில் படித்தவர்களுக்கு இந்த வேலையின் உருவம் இன்னும் பழக்கமானது. நம் உரையாசிரியர்கள் மூலத்திலிருந்து ஒரு தொடரை எடுத்து நிறுத்தி, அதற்குப் பொருள் சொல்லி, அது ஏன் அப்படி நிற்கிறது என்று காரணம் காட்டி, வேறு பொருள் சொன்னவர்களை மறுத்து எழுதினார்கள். திருக்குறளுக்குப் பழைய உரைகாரர்கள் பதின்மர் என்று சொல்வது மரபு. ஒரே குறளுக்கு மணக்குடவர் ஒன்று சொல்ல, பரிமேலழகர் இன்னொன்று சொல்லுவார். மாணவர்களிடம் "உங்களைப் புதிதாக எதுவும் செய்யச் சொல்லவில்லை, உரை எழுதச் சொல்கிறேன்" என்று தொடங்கினால் பாதித் தயக்கம் போய்விடுகிறது.

எந்தக் கருவியில் தொடங்கலாம்?

நான் பயன்படுத்துவது ஹைப்போதிசிஸ். 2011-இல் டான் வேலி என்பவர் இலாப நோக்கற்ற திட்டமாகத் தொடங்கியது. திறந்த மூல மென்பொருள். இணையப் பக்கத்திலும் பி.டி.எஃப். கோப்பிலும் ஒரே மாதிரி வேலை செய்யும். கணினியில் குரோம் உலாவியில் நீட்சி (உலாவியோடு சேரும் சிறு மென்பொருள்) ஒன்றைச் சேர்த்துக்கொண்டால் போதும். தனிக்குழு அமைத்து, அழைப்பு இணைப்பை மாணவர்களுக்கு அனுப்பினால் வகுப்பு தயார். தனி ஆசிரியர் இப்படிப் பயன்படுத்தக் கட்டணம் இல்லை. மூடில், கேன்வாஸ் போன்ற கற்றல் மேலாண்மைத் தளங்களோடு இணைக்கும் வசதியைத்தான் கல்வி நிறுவனங்களுக்கு விற்கிறார்கள்.

பெரூசல், ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பிறந்தது. இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் அதை உருவாக்கியவர்களில் ஒருவர். மாணவர்கள் முன்கூட்டியே படித்துவிட்டு வந்து வகுப்பில் ஒருவருக்கொருவர் விளக்கிக்கொள்ளும் முறைக்காகப் பேர் பெற்றவர் அவர். "படிக்காமலே வகுப்புக்கு வருகிறார்களே" என்ற ஆசிரியரின் பழைய கவலைதான் இந்தக் கருவிக்கு விதை. பெரிய வகுப்பைத் தானே சிறு குழுக்களாகப் பிரிக்கும். குறிப்புகளுக்குத் தானே மதிப்பெண் போடும். மாணவர்கள் குழம்பிய இடங்களைத் தொகுத்து ஆசிரியருக்கு அறிக்கை தரும். கடைசி வசதி மிக நல்லது. நடுவில் உள்ளதைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

எம்.ஐ.டி.யில் டேவிட் கார்கரின் ஆய்வுக்குழு செய்தது என்.பி. விரிவுரைக் குறிப்புகளையும் பாடநூல் வரைவுகளையும் மாணவர்கள் ஓரத்தில் விவாதிக்க உருவானது. அதைப் பற்றி 2012-இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை, கருவி மிக நன்றாக வேலை செய்த ஒரு வகுப்பை எடுத்து ஆராய்ந்தது. அந்த வகுப்பின் ஆசிரியர், மாணவர்கள் ஓரத்தில் எழுதியதைப் படித்து அதற்கேற்பத் தன் கற்பித்தலை மாற்றிக்கொண்டவர். என் அனுபவமும் இதுவே. குறிப்புகளை ஆசிரியர் படிக்காவிட்டால் எந்தக் கருவியும் உதவாது.

இவை எதுவும் வேண்டாம், நாளைக்கே தொடங்க வேண்டும் என்றால் கூகுள் டாக்ஸில் பாடலை ஒட்டி, கருத்து எழுதும் உரிமையை மட்டும் மாணவர்களுக்குக் கொடுங்கள். திருத்தும் உரிமை கொடுத்தால் மூலமே மாறிவிடும். பத்துப் பன்னிரண்டு பேருக்கு இது போதும். முப்பது பேர் ஒரே பக்கத்தில் எழுதினால் வலப்பக்கம் நெரிசலாகிவிடும்.

குறிப்பு அதே இடத்தில் எப்படி ஒட்டிக்கொண்டு நிற்கிறது? பக்கம் மாறினால் என்ன ஆகும்?

பலரும் நினைப்பதுபோல் குறிப்பு அந்தப் பக்கத்துக்குள் எழுதப்படுவதில்லை. அது வேறொரு சேவையகத்தில் இருக்கிறது. நீங்கள் தேர்ந்தெடுத்த சொற்கள், அவற்றுக்கு முன்னால் வரும் சில எழுத்துகள், பின்னால் வரும் சில எழுத்துகள், பக்கத்தின் தொடக்கத்திலிருந்து எத்தனையாவது எழுத்து என்ற கணக்கு ஆகியவற்றைக் கருவி சேமித்து வைக்கிறது. பக்கத்தைத் திறக்கும்போது இந்த அடையாளங்களைக் கொண்டு இடத்தைத் தேடிக் கண்டுபிடித்து மஞ்சள் பூசுகிறது. இந்த முறை தனி நிறுவனத்தின் இரகசியம் இல்லை. வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2017 பிப்ரவரியில் இதைப் பொதுத் தரமாக வெளியிட்டது.

ஓரிரு எழுத்து திருத்தப்பட்டால் குறிப்பு பெரும்பாலும் தப்பிவிடும். அந்த வரியே போய்விட்டால் குறிப்பு இடமில்லாமல் நிற்கும். கருவி அதைத் தனிப் பட்டியலில் காட்டும். தமிழ் விக்கிமூலம் போல யாரும் திருத்தக்கூடிய தளத்தில் பாடம் வைத்தால், பக்க வரலாற்றில் உள்ள குறிப்பிட்ட பதிப்பின் நிலையான இணைப்பையே மாணவர்களுக்குக் கொடுங்கள்.

பி.டி.எஃப். விஷயத்தில் நான் ஒருமுறை பட்டிருக்கிறேன். ஹைப்போதிசிஸ் ஒரு கோப்பை அதன் உள்ளே இருக்கும் அடையாள எண்ணைக் கொண்டு இனம் காண்கிறது. அதனால் ஒரே கோப்பை முப்பது பேர் தங்கள் கணினியில் தனித்தனியே இறக்கி வைத்திருந்தாலும் எல்லோருக்கும் ஒரே குறிப்புகள் தெரியும். பருவத்தின் நடுவில் எழுத்துப் பிழைகள் கண்ணில் பட்டன. கோப்பை மீண்டும் எழுத்துணரி (படத்தில் உள்ள எழுத்தைக் கணினி எழுத்தாக மாற்றும் மென்பொருள்) வழியாக ஓட்டிப் புதிதாகச் சேமித்து அனுப்பினேன். அடையாள எண் மாறிவிட்டது. மறுநாள் காலை ஒரு மாணவி, "ஐயா, நாங்கள் எழுதியதெல்லாம் காணோம்" என்று வந்து நின்றாள். குறிப்புகள் அழியவில்லை, பழைய கோப்பில் இருந்தன. ஆனாலும் அவள் முகம் இன்னும் நினைவிருக்கிறது. கோப்பை முதல் வகுப்புக்கு முன்பே இறுதி செய்துவிடுங்கள்.

எங்கள் தமிழ் பி.டி.எஃப்.-இல் தேர்ந்தெடுக்கவே முடியவில்லை. முடிந்தாலும் குறிப்பு வேறெங்கோ போய் உட்காருகிறது. ஏன்?

தமிழ் ஆசிரியர்கள் கைவிடும் இடம் இதுதான். அதனால் விரிவாகவே சொல்கிறேன். மூன்று விதமான கோப்புகள் நம் கைக்கு வருகின்றன.

முதலாவது, வெறும் பக்கப் படம். பழைய நூலை மின்வருடி எடுத்தது. நம் கண்ணுக்கு எழுத்து, கணினிக்கு அது புகைப்படம். ஈழத்து நூல்களையும் இதழ்களையும் 2005 முதல் சேர்த்துவரும் நூலகம் தளத்தின் பெருந்தொகுப்பில் பெரும்பகுதி இப்படிப்பட்ட பக்கப் படங்களே. இதற்கு எழுத்துணரி வேண்டும். கூகுள் டிரைவில் ஏற்றி டாக்ஸாகத் திறந்தால் தமிழை ஓரளவு நன்றாகவே படிக்கும். டெசராக்ட் என்ற திறந்த மூலக் கருவியும் தமிழ் படிக்கும். 1978-இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முன் அச்சான நூல்களில் ணை, லை, றா, னா முதலியவை பழைய வடிவத்தில் இருக்கும். எழுத்துணரி அங்கே தடுமாறும். வரிவரியாகச் சரிபார்க்காமல் வகுப்புக்குக் கொண்டுபோக வேண்டாம்.

இரண்டாவது, பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்பு. பாமினியில் அடித்த "தமிழ்" என்ற சொல்லை நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டிப் பாருங்கள்: ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் வரும். கணினியைப் பொறுத்தவரை அந்தக் கோப்பில் தமிழே இல்லை. ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உருவம் மாட்டியிருக்கிறது. கல்லூரிப் பாடக் குறிப்புகளும் பழைய வினாத்தாள்களும் இன்னும் இப்படிக் கிடக்கின்றன. எழுத்துரு மாற்றியில் இட்டு, யூனிகோடு எனப்படும் ஒருங்குறிக்குக் கொண்டுவந்தால் சரியாகிவிடும். இது ஐந்து நிமிட வேலை. ஆனால் இதைத் தெரியாமல் "கருவிக்குத் தமிழ் வராது" என்று முடிவு கட்டியவர்கள் பலர்.

மூன்றாவது வகைதான் ஏமாற்றும். ஒருங்குறியில் அடித்த கோப்பே, பி.டி.எஃப்.-ஆக மாறும்போது எழுத்து வரிசை புரண்டிருக்கும். பார்வைக்கு "கொழுநன்" என்று அழகாக நிற்கும். நகலெடுத்தால் கொம்பு முன்னால் வந்து, ககரம் நடுவில் நின்று, கால் தனியே தொங்கும். கொம்பு ககரத்துக்கு இடப்பக்கம் எழுதப்படுவதால் வந்த வினை: ஒருங்குறியில் அது ககரத்துக்குப் பின்னால்தான் சேமிக்கப்பட வேண்டும், பி.டி.எஃப். சில வேளை பார்வை வரிசையையே வைத்துக்கொள்கிறது. இதுபோன்ற கோப்பில் "கொழுநன்" என்று தேடினால் கிடைக்காது. இணையப் பக்கங்களிலும் ஒரு சிறு சிக்கல் உண்டு. ஒகர உயிர்மெய்யின் குறியை ஒரே குறியீடாகவும் அடிக்கலாம், கொம்பும் காலுமாக இரண்டாகவும் அடிக்கலாம். கண்ணுக்கு வேறுபாடு தெரியாது.

ஆகவே எந்தக் கோப்பையும் வகுப்புக்குத் தருமுன் ஒரு சோதனை செய்யுங்கள். ஒகரமோ ஓகாரமோ வரும் ஒரு சொல்லைத் தேர்ந்தெடுத்து, நகலெடுத்து, தேடுபெட்டியில் ஒட்டுங்கள். அதே சொல் அதே வடிவில் வந்தால் கோப்பு நல்லது. வராவிட்டால் பி.டி.எஃப்.-ஐ விட்டுவிட்டு, பாடத்தை எளிய இணையப் பக்கமாக வெளியிடுவதே நல்லது. பழந்தமிழ் நூல்களுக்கு இந்தத் தொல்லையே வேண்டாம். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்திலும் விக்கிமூலத்திலும் ஒருங்குறிப் பாடமாகவே கிடைக்கின்றன.

முதல் வாரத்தில் மாணவர்களை எப்படி இறக்குவது?

சிறிய பாடத்தில். நான் ஒரே ஒரு குறளில் தொடங்குவேன்.

தெய்வம் தொழாஅள் கொழுநன் தொழுதெழுவாள்
பெய்யெனப் பெய்யும் மழை

முதல் ஆண்டு எந்த விதியும் சொல்லாமல் "குறிப்பு எழுதுங்கள்" என்று விட்டேன். ஏறத்தாழ எல்லோரும் குறள் முழுவதையும் தேர்ந்தெடுத்து, பள்ளியில் மனப்பாடம் செய்த உரையை எழுதினார்கள். பக்கம் முழுக்க ஒரே மஞ்சள், ஒரே விளக்கம். யாரும் யாருக்கும் பதில் சொல்லவில்லை, சொல்ல ஒன்றுமில்லை.

அடுத்த முறை ஒரே விதி போட்டேன்: ஒரு சொல்லை மட்டும், முடிந்தால் ஒரு சொல்லின் பகுதியை மட்டும் தேர்ந்தெடுக்க வேண்டும். அன்று நடந்ததைப் பார்த்துத்தான் இந்த முறைமேல் எனக்கு நம்பிக்கை வந்தது.

"தொழாஅள்" என்பதில் நடுவில் நிற்கும் அகரத்தை மட்டும் ஒரு மாணவர் தேர்ந்தெடுத்து, "இது அச்சுப் பிழையா?" என்று கேட்டிருந்தார். இன்னொருவர் கீழே அளபெடை என்று எழுதினார். மூன்றாமவர் சீர் பிரித்துக் காட்டினார்: தொழாள் என்று நின்றால் ஒரே நிரையசையாகி ஓசை குறையும், தொழாஅள் என்று நீண்டால் நிரையும் நேருமாய்ப் புளிமா ஆகிச் சீர் நிரம்பும். இரண்டு வகுப்பெடுத்தும் பதியாத இசைநிறை அளபெடை, அந்த மூன்று குறிப்பில் பதிந்தது.

ஒரு மாணவி "தொழுதெழுவாள்" என்பதில் "எழுவாள்" என்ற பகுதியை மட்டும் பிடித்தாள். "தொழுத பிறகு எழுகிறாளா, தொழுதுகொண்டே எழுகிறாளா? தூங்கிக்கொண்டிருப்பவள் எப்படித் தொழுத பிறகு எழ முடியும்?" என்பது அவள் கேள்வி. பரிமேலழகர் உரையைத் திறந்து காட்டினேன். "தொழாநின்று துயிலெழுவாள்" என்று எழுதுகிறார் அவர். தொழுதுகொண்டே எழுகிறவள் என்று பொருள். தொழாநின்று என்பதே தொழுது எனத் திரிந்து நின்றது என்று இலக்கணக் காரணமும் சொல்கிறார். உரை படிப்பது என்றாலே சலித்துக்கொள்ளும் வகுப்பு அது. தாங்கள் கேட்ட கேள்வியைப் பல நூற்றாண்டுக்கு முன்பே ஒருவர் கேட்டு விடையும் எழுதியிருக்கிறார் என்று தெரிந்ததும் வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்தது.

பெரிய சண்டை "மழை" என்ற ஒற்றைச் சொல்லில் நடந்தது. "பெய்யும் மழை" என்பதை மழை பெய்யும் என்று முற்றாகக் கொண்டால், அவள் சொன்னதும் மழை பெய்யும் என்பது பொருள். பெய்யும் என்பதைப் பெயரெச்சமாகக் கொண்டால், வேண்டும்போது பெய்கிற மழை போன்றவள் அவள் என்றாகும். முதல் பொருளில் கற்பின் ஆற்றல். இரண்டாவதில் பயன் தருபவள் என்ற உவமை. உவம உருபு இல்லாமல் உவமை கொள்ளலாமா என்று ஒரு பக்கம், கொள்ளலாம் என்று மறுபக்கம்; பெண்களைப் பற்றி இந்தக் குறள் சொல்வதை ஏற்கலாமா என்ற பெரிய கேள்வியும் அதே சொல்லின் கீழ் வந்து சேர்ந்தது. பதினேழு பதில்கள். நான் ஒன்றுகூட எழுதவில்லை. மறுநாள் அந்த ஓரத்தைத் திரையில் போட்டு, அங்கிருந்தே பாடத்தைத் தொடங்கினேன்.

"அருமை", "நல்ல கருத்து" என்று மட்டும் எழுதுகிறார்களே?

எழுதத்தான் செய்வார்கள். தவறு மாணவரிடம் இல்லை, நாம் கொடுத்த வேலையில் இருக்கிறது. "கருத்து எழுதுக" என்றால் கருத்துதான் வரும். நான் மூன்று வகை வேலையை மாற்றி மாற்றிக் கொடுக்கிறேன். புரியாத ஒரு சொல்லைப் பிடித்துக் கேள்வி கேட்பது. நண்பர் கேட்ட கேள்விக்கு அகராதியையோ உரையையோ பார்த்து விடை எழுதுவது. இன்னொருவர் சொன்ன பொருளோடு உடன்படாமல், மூலத்திலிருந்தே ஒரு சொல்லைச் சான்று காட்டி மறுப்பது. மூன்றாவதை முதல் மாதத்தில் யாரும் செய்யமாட்டார்கள். சக மாணவரை எழுத்தில் மறுப்பது மரியாதைக் குறைவு என்று நினைக்கிறார்கள். பரிமேலழகர் பிறர் உரையை "என்று உரைப்பாரும் உளர்" என்று பெயர் சொல்லாமல் சுட்டிவிட்டு மறுக்கும் நடையைச் சொல்லிக்கொடுத்தேன். பிள்ளைகள் அதை அப்படியே பிடித்துக்கொண்டார்கள்.

மதிப்பெண் கொடுக்கலாமா?

கொஞ்சமாக. அகமதிப்பீட்டு 25 மதிப்பெண்ணில் 5 தருகிறேன், அதுவும் பங்கேற்புக்கு: வாரம் இரண்டு குறிப்பு, ஒரு பதில். தரத்துக்கு மதிப்பெண் போட்டால் தெரியாததைக் கேட்க யாரும் முன்வரமாட்டார்கள். "இது அச்சுப் பிழையா?" என்ற கேள்விக்கு எத்தனை மதிப்பெண் போடுவீர்கள்? அந்த வாரத்தின் மிக நல்ல குறிப்பு அது.

பெரூசல் தானே மதிப்பெண் போடும் என்று சொன்னேன். குறிப்பின் தரம், பாடத்தில் செலவிட்ட நேரம் போன்றவற்றைக் கணக்கிட்டுப் போடுகிறது. எதற்கு எவ்வளவு எடை என்பதை ஆசிரியர் மாற்றலாம். முந்நூறு பேர் உள்ள வகுப்பில் வேறு வழி இல்லாமலிருக்கலாம். தமிழில் எழுதும் நாற்பது பேர் வகுப்பில் அந்த மதிப்பெண்ணை நான் நம்பமாட்டேன். நாற்பது குறிப்பைப் படிக்க அரைமணி நேரம் போதும், அந்த அரைமணியில்தான் அடுத்த நாள் பாடம் எனக்குக் கிடைக்கிறது.

ஒரு குழுவில் எத்தனை பேர்?

பன்னிரண்டிலிருந்து பதினைந்து. அதற்குக் குறைந்தால் கேள்வி கேட்பாரின்றிக் கிடக்கும். கூடினால் பின்னால் வருபவருக்கு எழுத இடமிருக்காது, எல்லாம் சொல்லியாயிற்று என்று போய்விடுவார்.

எல்லோரும் கடைசி நாள் இரவு பதினொரு மணிக்கு எழுதுகிறார்கள். உரையாடலே நடக்கவில்லை.

கெடுவை இரண்டாகப் பிரியுங்கள். கேள்விகள் செவ்வாய்க்குள், பதில்கள் வியாழனுக்குள். இதைச் செய்த வாரமே மாற்றம் தெரியும்.

எங்கள் மாணவர்களிடம் கைபேசி மட்டுமே இருக்கிறது.

என் மாணவர்களில் பெரும்பாலோர் அப்படித்தான். கைபேசியில் குரோமுக்கு நீட்சி சேர்க்க முடியாது. அதனால் பாடத்தை நீங்களே ஒரு வலைப்பக்கமாக வெளியிட்டு, அதில் ஹைப்போதிசிஸின் ஒருவரி நிரலைச் சேர்த்துவிடுங்கள். பக்கத்தைத் திறந்ததும் குறிப்புப் பட்டையும் கூடவே திறக்கும். மாணவர் எதையும் நிறுவ வேண்டாம். பிளாக்கர் போன்ற இலவசத் தளத்தில்கூட இதைச் செய்யலாம். எழுத்தைப் பெரிதாக வையுங்கள், வரி இடைவெளியைக் கூட்டுங்கள். விரலால் "எழுவாள்" என்ற நான்கு எழுத்தை மட்டும் பிடிப்பது சிறு எழுத்தில் நடக்காத காரியம். தமிழில் அடிக்க வராதவர்களுக்குச் செல்லினமோ கூகுள் விசைப்பலகையோ போதும்; பேசி எழுதும் வசதியைப் பலர் விரும்புகிறார்கள், பிழை திருத்தத்தான் நினைவூட்ட வேண்டும்.

மாணவர்களின் பெயரும் எழுத்தும் ஊருக்கே தெரியுமா?

பொதுவில் எழுதினால் தெரியும். ஹைப்போதிசிஸில் பொதுக் குறிப்பாக எழுதியது எல்லோருக்கும் உரிய பொதுச்சொத்தாகிவிடும் என்பது அவர்கள் விதிமுறை. வகுப்புக்குத் தனிக்குழுவே சரி. குறிப்பு எழுதும் பெட்டியில் குழுவின் பெயர் தெரிகிறதா என்று பார்த்துவிட்டு எழுதப் பழக்குங்கள். முதல் வாரத்தில் இரண்டு மூன்று பேராவது தவறிப் பொதுவில் எழுதிவிடுவார்கள். அழைப்பு இணைப்பு யார் கையில் கிடைத்தாலும் அவர் குழுவுக்குள் வரலாம், ஆகவே அதைப் பெரிய குழுக்களில் பகிர வேண்டாம். சொந்தப் பெயருக்குப் பதில் புனைபெயர் வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். யார் எந்தப் பெயர் என்ற பட்டியல் என் குறிப்பேட்டில் மட்டும் இருக்கும். புனைபெயரில் கூச்ச சுபாவமுள்ள பிள்ளைகள் எழுதுகிறார்கள் என்பது எதிர்பாராமல் கிடைத்த நன்மை.

பள்ளி ஆசிரியர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். இந்தியாவின் 2023-ஆம் ஆண்டு எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாதவரைக் குழந்தை என்கிறது. அவர்கள் தரவைக் கையாளப் பெற்றோர் ஒப்புதல் கேட்கிறது. தலைமையாசிரியரிடமும் பெற்றோரிடமும் எழுத்தில் ஒப்புதல் வாங்கிவிட்டுத் தொடங்குங்கள்.

பதிப்புரிமைச் சிக்கல் வருமா?

இணையத்தில் ஏற்கெனவே இருக்கும் பக்கத்தின்மேல் குறிப்பு எழுதினால் மூலம் நகலெடுக்கப்படுவதில்லை. குறிப்பு தனியே இருக்கிறது. நீங்களே ஒரு நூலை மின்வருடி ஏற்றும்போதுதான் கேள்வி எழும். இந்தியாவில் ஆசிரியர் மறைந்து 60 ஆண்டு வரை உரிமை நீடிக்கும். 1957-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, கற்பித்தலின்போது ஆசிரியரும் மாணவரும் படைப்பை நகலெடுப்பதற்கு விலக்கு தருகிறது. டெல்லி பல்கலைக்கழக நகலகம் தொடர்பான வழக்கில் 2016-இல் டெல்லி உயர் நீதிமன்றம் இதை விரிவாகவே விளக்கியது. வகுப்புக்குத் தேவையான பகுதியை, வகுப்புக்குள் மட்டும் தருவது அறம். நமக்கு இன்னொரு வசதி, நாட்டுடைமையான நூல்கள். பாரதியார் படைப்புகளின் உரிமையை அரசு 1949-லேயே வாங்கிப் பின்னர் பொதுவாக்கிவிட்டது. அதன் பின் அரசு நாட்டுடைமையாக்கிய எழுத்தாளர்களின் பட்டியல் நீளமானது. பல ஆண்டுப் பாடத்துக்குப் போதுமான சரக்கு அங்கே இருக்கிறது.

செயற்கை நுண்ணறிவில் கேட்டு ஒட்டிவிட்டால்?

ஒட்டுகிறார்கள். முழுக் குறளுக்கும் விளக்கம் கேட்டால் இயந்திரம் நன்றாகவே எழுதித் தரும். ஒரு சொல்லின் பாதியைப் பிடித்துக் கேள்வி கேள், உன் நண்பன் நேற்று எழுதியதை மறு என்று சொன்னால் ஒட்டுவதைவிடத் தானே எழுதுவது சுலபமாக இருக்கிறது. ஐயம் வந்தால் கண்டிப்பதில்லை. வகுப்பில் அந்தக் குறிப்பைத் திரையில் போட்டு, "இதை இன்னும் கொஞ்சம் விளக்கம்மா" என்கிறேன். சொந்தமாக எழுதியவள் பேசுவாள்.

கருவி ஒருநாள் மூடப்பட்டால் குறிப்புகள் போய்விடுமா?

சைட்விக்கிக்கு நேர்ந்தது எதற்கும் நேரலாம். ஒவ்வொரு பருவ முடிவிலும் ஏற்றுமதி செய்து வைத்துக்கொள்ளுங்கள். ஹைப்போதிசிஸில் பட்டையிலிருந்தே ஜேசன் கோப்பாகவோ சி.எஸ்.வி. அட்டவணைக் கோப்பாகவோ எளிய உரையாகவோ இறக்கலாம். ஜேசன் கோப்பை மீண்டும் உள்ளே ஏற்றவும் முடியும்.

பருவம் முடிந்த பிறகு இந்தக் குறிப்புகளை என்ன செய்வது?

முதலிரண்டு ஆண்டும் எதுவும் செய்யவில்லை. அடுத்த அணிக்கு வெறும் பக்கத்தையே கொடுத்தேன். பிறகு, மாணவர்களின் சம்மதத்தோடு, அந்த ஆண்டின் குறிப்புகளில் முப்பதை மட்டும் பொறுக்கிப் புதிய குழுவில் ஏற்றி வைத்தேன். புது மாணவர்கள் முதலில் தாங்களே எழுத வேண்டும், இரண்டாம் வாரத்தில்தான் பழைய குறிப்பைத் திறந்து காட்டுவேன். "மழை"யின் கீழ் உவமைதான் என்று முந்தைய அணியில் ஒருவர் அடித்துப் பேசியிருந்தார். இந்த ஆண்டு அதன் கீழே ஒரு பதில் வந்திருக்கிறது. "இங்கு மழை உவமை என்று உரைப்பாரும் உளர்" என்று தொடங்கி, இரண்டு பத்தியில் மறுத்திருக்கிறாள் ஒரு முதலாண்டு மாணவி. மறுக்கப்பட்டவர் இப்போது வேறு ஊரில் வேலையில் இருக்கிறார். இணைப்பை அனுப்பி வைத்தேன். அன்று இரவே திரும்ப உள்ளே வந்து பதில் எழுதினார்.